மெர்க்கல் செல் புற்றுநோய்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: ஆஸ்திரேலியாவில் இருக்கும் சித்தப்பாவுக்குக் கன்னத்தில் சிவப்பாக ஒரு கட்டி. ஒன்றரை மாதத்தில் நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. பயாப்சியில் மெர்க்கல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோயாம், வைரஸால் வருமாம். எங்களுக்கும் தொற்றுமா?

பதில்: பயப்படாதீங்க, புற்றுநோய் தொற்றாது. அந்த பாலியோமா வைரஸ் உங்கள் தோலிலும் என் தோலிலும் இப்போதே இருக்கலாம், சின்ன வயதிலேயே வந்து ஒட்டிக்கொண்டு பெரும்பாலோரை ஒன்றும் செய்யாமல் கிடக்கும். 2008ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் யுவான் சாங், பேட்ரிக் மூர் தம்பதியின் குழுதான் இதைக் கண்டுபிடித்தது. அபூர்வமாக எங்காவது ஒரு செல்லின் டிஎன்ஏவுக்குள் இந்த வைரஸின் மரபணு உடைந்துபோய்ச் செருகிக்கொள்ளும், அப்புறம் அந்த செல் நிற்காமல் பெருகும். அமெரிக்காவில் சுமார் 80 சதவீதக் கட்டிகள் இந்த வகை. ஆனால் ஆஸ்திரேலியாவில் கதையே வேறு, அங்கே பல கட்டிகளில் வைரஸே இருக்காது, வெயிலின் புற ஊதாக் கதிர்தான் காரணம். சித்தப்பாவுக்கு எது என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எனக்கும் காதருகே ஒரு கட்டி, வலி இல்லை. கொஞ்ச நாள் பார்க்கலாமா?

பதில்: வலிக்காததால்தான் இந்த நோயில் ஏமாந்து போகிறார்கள். கொழுப்புக்கட்டி என்று விட்டுவிடுவார்கள். எல்லாக் கட்டியும் இதுவல்ல, ஆனால் வயது 50 தாண்டி, வெயில் படும் இடத்தில், வாரத்துக்கு வாரம் வளர்கிறது என்றால் பயாப்சி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நம் கறுப்புத் தோலுக்கு வராதுதானே?

பதில்: குறைவு. வராது என்று இல்லை.

கேள்வி: அப்பாவுக்கு மாற்றுச் சிறுநீரகம். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரையால் இது வருமென்றால் நிறுத்திவிடலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம், சிறுநீரகமே போய்விடும்! ஆபத்து கூடுதல் என்பது உண்மை, அதற்குத் தோலை அடிக்கடி காட்டுங்கள். மாத்திரையில் கை வைப்பதை அவருடைய சிறுநீரக மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கேள்வி: கீமோ கொடுப்பார்களா?

பதில்: முதலில் சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலோடு சேர்த்து வெட்டி எடுப்பார்கள், கூடவே பக்கத்து நிணநீர் முடிச்சில் பரவியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் பலருக்கு ரேடியேஷன், இதற்கு நன்றாகவே கேட்கும். பரவிவிட்டால் முன்பு கீமோதான். கட்டி சுருங்கும், சில மாதங்களில் திரும்பி வந்துவிடும். 2017ல் அமெரிக்காவில் அவெலுமாப் அனுமதி பெற்றது, உடம்பின் எதிர்ப்பு சக்தியையே கட்டியின் மேல் ஏவிவிடும் மருந்து. எல்லோருக்கும் கேட்காது, கேட்டவர்களில் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. மாற்று உறுப்பு வைத்தவர்களுக்கு மட்டும் யோசித்துத்தான் கொடுப்பார்கள், அந்த உறுப்பையும் தாக்கிவிடும். எந்த சிகிச்சை என்றாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பரிசோதனைக்குப் போவதை விட்டுவிடாதீர்கள், திரும்பி வந்தால் பெரும்பாலும் அதற்குள்தான் வரும்.