வயலை ஈடு வைக்க முன் அந்தக் கொப்பியைப் பாருங்கள்

ஒட்டுசுட்டானிலிருந்து வந்த அம்மாவுக்கு எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் மற்றப் பெற்றோரும் வாசிக்கலாம்.

மகன் உயர்தரப் பரீட்சையைக் கணிதப் பிரிவில் இரண்டாம் தடவை எழுதியும், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி பொறியியலுக்குக் காணவில்லை. உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது. லண்டன் சித்தப்பா பாதிக் காசு தருகிறாராம். மீதிக்கு முத்தையன்கட்டுக் குளத்தின் கீழுள்ள 2 ஏக்கர் வயலை ஈடு வைத்து, கொழும்பில் தனியார் பொறியியல் பட்டம் படிக்க அனுப்பச் சொல்கிறாராம். வேண்டாம் அம்மா. வட்டி கட்டப் போவது சித்தப்பா இல்லை, நீங்கள். அதோடு அந்தப் படிப்பை உங்கள் மகன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

நீங்கள் குறையாகச் சொன்ன ஒன்றைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். "வவுனியாவில் சின்னக் கொம்பனி ஒன்றில் பழகப் போனவன், ராத்திரியிலும் செத்துப்போன சேர்வரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான்" என்றீர்கள். அவனிடம் விசாரித்தேன். கொப்பி ஒன்றை நீட்டினான். திகதி, நேரம், அப்போது ஓடிய வேலைகள் என்று கோடு போட்டு எழுதியிருந்தான். 4.40, 5.05, 4.55. சேர்வர் விழுந்ததெல்லாம் பின்னேரம்.

அது பில்ட் சேர்வர். எழுதிய நிரலை ஒன்றுசேர்த்துச் சோதிக்கும் இயந்திரம். அந்த வேலைகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் என்ற மென்பொருள், ஜாவா என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது. மெமரி போதாமல் விழுகிறது என்று சொல்லி, யாரோ ஹீப்பை, அதாவது ஜாவா தன் பொருட்களை வைக்க ஒதுக்கிய மெமரியை, 4 ஜிபியிலிருந்து 6 ஆக்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு இன்னும் அடிக்கடி விழுந்தது. வாய்க்கால் அடைபட்டிருக்க வரம்பை உயர்த்திக் கட்டிய கதைதான்.

உங்கள் மகன் முதலில் பார்த்தது, சாகும்போது ஜாவா என்ன சொன்னது என்று. ஹீப் நிரம்பினால் 'அவுட் ஆஃப் மெமரி, ஜாவா ஹீப் ஸ்பேஸ்' என்று லொக்கில், அதாவது நடந்ததைக் குறித்து வைக்கும் கோப்பில், எழுதும். நிரலின் கிளாஸ் எனும் பகுதிகளின் விவரம் இருக்கும் இடம் நிரம்பினால் 'மெட்டாஸ்பேஸ்' என்று எழுதும். தேவையற்றுப் போன பொருட்களை மெமரியிலிருந்து அகற்றும் 'குப்பை அள்ளுவதிலேயே' நேரமெல்லாம் போனால் அதற்கும் தனிச் செய்தி உண்டு. இங்கே ஒன்றுமே இல்லை. லொக் பாதியில் நின்றிருந்தது. அப்புறம், அந்த இயந்திரத்தை இயக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எழுதும் லொக்கைத் திறந்திருக்கிறான். இயந்திரத்தின் மெமரி தீர்ந்ததால் லினக்ஸே ஜாவாவைக் கொன்ற செய்தி அங்கே கிடந்தது. மொத்தம் 8 ஜிபிதான். ஜென்கின்ஸுக்கு 6. பின்னேரம் எல்லோரும் நிரலை அனுப்ப, மூன்று பில்ட் ஒன்றாக ஓடும். ஒவ்வொன்றுக்கும், நிரலை ஒன்றுசேர்க்கும் கருவியான மேவன் தனியாக ஒரு ஜாவாவைக் கிளப்பும். எங்கே இடம்? ஹீப்பை 3 ஆகக் குறைத்து, ஒரே நேரத்தில் ஒரு பில்ட் மட்டும் ஓட விட்டான். விழுவது நின்றது. கூட்ட வேண்டும் என்று எல்லோரும் சொன்னதைக் குறைக்கத் துணிந்திருக்கிறான். அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஹீப்பே நிரம்பும் நாளும் வரும். அன்றைக்கு, விழும்போதே ஹீப்பில் அப்போது இருப்பதை அப்படியே ஒரு கோப்பாக எழுதும்படி ஜாவாவுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். அதை எக்லிப்ஸ் மெமரி அனலைசர் என்ற கருவியில் திறந்து, எந்தப் பொருள் இடத்தை விடாமல் பிடித்திருக்கிறது என்று தேடலாம். கோப்பு ஹீப் அளவுக்குப் பெரிதாகலாம், டிஸ்கில் இடம் வேண்டும். கடவுச்சொற்களும் அதில் இருக்கலாம், கண்டவருக்கும் அனுப்பக் கூடாது. இவ்வளவையும் அவனுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை, தேடிப் படித்திருக்கிறான்.

சேர்வர்களையும் பில்டுகளையும் பராமரிப்பது முழு வேலை, அம்மா. மென்பொருள் எழுதும் இடமெல்லாம் இதற்கு ஆள் வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் இலங்கை ஜெர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் தகவல் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது, நேரே போய் விசாரியுங்கள். பட்டம் இல்லாமல் ஊரில் தலை நிமிர முடியாது என்றால், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பிஐடி எனும் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தை வேலை செய்துகொண்டே படிக்கலாம். அது ஆங்கிலத்தில்தான். ஆகவே சித்தப்பா தருகிற காசில் ஆங்கில வகுப்புக்கும், மெமரி கூடிய ஒரு மடிக்கணினிக்கும் மட்டும் வாங்குங்கள். வயல் உறுதி பெட்டியிலேயே இருக்கட்டும்.

வரும் சனிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கொப்பியை மறக்க வேண்டாம். சித்தப்பாவுக்குப் போன் எடுத்து, அதில் இருப்பதை அவனையே வாசித்துச் சொல்லச் சொல்வோம்.