பரையா ஸ்டேட்: தமிழில் எப்படி எழுதுவது?

செய்தி மொழிபெயர்ப்பில் 'பரையா ஸ்டேட்' (pariah state) என்ற ஆங்கிலச் சொல் வந்தால் 'உலகம் ஒதுக்கிவைத்த நாடு' என்று எழுதுங்கள். ஒலியை அப்படியே தமிழில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள், போட வேண்டாம்.

அதிலுள்ள 'பரையா' நம் ஊர்ச் சாதிப் பெயர்தான். பறையர் என்பது 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வழியே ஆங்கிலத்துக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டில் 'யாரும் சேர்க்காதவர்' என்ற பொதுப்பொருள் ஏறியது. ஒரு மக்களின் பெயரையே இழிசொல்லாக்கிவிட்டார்கள், கொடுமை.

சில அகராதிகளில் பொருள் மட்டும் இருக்கும், சொல் எங்கிருந்து வந்தது என்று இருக்காது, அதனால் குழப்பம். மெரியம்-வெப்ஸ்டர் ஆங்கில அகராதியில் சொற்பிறப்புப் பகுதியைப் பாருங்கள், தமிழ் என்றே இருக்கும்.

அப்புறம், பறை என்ற சொல்லிலிருந்து பறையர் என்ற பெயர் வந்தது என்பார்கள். அதை வைத்து எல்லோரும் பறையடித்தவர்கள் என்று எழுதிவிடாதீர்கள். பெரும்பாலோர் வயலில் உழைத்தவர்கள்.