மூன்று சுற்று காபி முடியும்வரை எழுந்திருக்காதீர்கள்

போன இதழில், அடிஸ் அபாபாவில் நான் ஆசிரியையாக இருந்த எட்டு வருடங்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் கேள்விகளைப் பார்த்தால், நம் வாசகர்களில் பாதிப்பேர் எத்தியோப்பியாவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது. ரொம்ப சந்தோஷம். இந்த இதழ் முழுக்க அந்த ஊருக்கே.

மகனுக்கு அடிஸ் அபாபாவில் வேலை. மார்ச்சில் நானும் கணவரும் பத்து நாள் போகிறோம். முட்டைகூடச் சாப்பிடாதவர்கள். அரிசி, பருப்பு எல்லாம் மூட்டை கட்ட வேண்டுமா?
— வாசகி, கும்பகோணம்

ஊறுகாய் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா, மற்றது எதுவும் வேண்டாம். நீங்கள் போவது நல்ல நேரம். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முன் 55 நாள் நோன்பு இருப்பார்கள். மார்ச் பெரும்பாலும் அதில்தான் வரும். அந்த நாட்களில் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதையும் தொட மாட்டார்கள். மற்ற மாதங்களிலும் புதனும் வெள்ளியும் நோன்பு நாள்.

சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் "பெயாய்நெட்டு" என்று கேளுங்கள். வகைக்குக் கொஞ்சம் என்று அர்த்தம். பெரிய வட்டத் தட்டு முழுக்க இஞ்செரா என்ற புளித்த அப்பத்தை விரித்து, அதன்மேல் சிவப்பாகக் காரப் பருப்பு, மஞ்சளாகக் காரமில்லாத பட்டாணிப் பருப்பு, கீரை, முட்டைக்கோஸ், பீட்ரூட் என்று குவியல் குவியலாக வைத்துக் கொண்டுவருவார்கள். நடுவில் ஷிரோ இருக்கும். கடலை மாவில் பெர்பெரே என்ற மிளகாய்ப் பொடி போட்டுக் கொதிக்கவிட்ட குழம்பு அது. நம் நாக்குக்கு முதல் நாளே பிடித்துவிடும்.

இஞ்செராவைத் தோசை மாதிரி என்று எல்லாரும் சொல்வார்கள். டெஃப் என்ற கடுகைவிடச் சின்ன தானியத்தை அரைத்து இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்ட மாவு. நாம் நடுவில் ஊற்றி வெளிப்பக்கமாகத் தேய்ப்போம். அவர்கள் மிதாத் என்ற பெரிய கல்லின் ஓரத்தில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள். திருப்பிப் போடுவதில்லை, மூடி வைத்து வேகவிடுவார்கள். மேலே ஆப்பத்தைப்போலக் கண் கண்ணாக வரும். கண் நெருக்கமாக இருந்தால்தான் இஞ்செரா நன்றாக வந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்வார்கள். புளிப்பு, நாம் மூன்றாம் நாள் ஊத்தப்பத்துக்கு வைத்த மாவைவிட ஒரு படி அதிகம். குழம்பெல்லாம் ஊறிப்போன அடி இஞ்செராவை விட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள், ருசி அதில்தான் இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கை. "பொசெனா ஷிரோ" என்றால் இறைச்சி போட்டது. நோன்பு நாளிலும் சிலர் மீன் சாப்பிடுவார்கள். அதனால் "ட்ஸோம்", அதாவது நோன்புச் சாப்பாடு, என்று சொன்ன பிறகு "அசா வேண்டாம்" என்று கையையும் ஆட்டிவிடுங்கள். அசா என்றால் மீன்.

மூன்றே நாள்தான் இருக்கிறது. ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியன் நான். எதை விடக்கூடாது?
— வாசகர், மதுரை

முதல் நாள் ஓடாதீர்கள் சார். ஊர் நம் ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். அன்றைக்கு சிதிஸ்ட் கிலோ என்ற பகுதியில் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய் மரத்தடியில் உட்காருங்கள். அது ஹைலே செலாசி சக்கரவர்த்தியின் அரண்மனையாக இருந்த இடம். பல்கலைக்கழகத்துக்கென்று அவரே கொடுத்துவிட்டார். உள்ளே இருக்கும் இனவியல் அருங்காட்சியகத்தில் அவருடைய படுக்கையறையை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கட்டடத்துக்கு முன்னால் எங்கும் போகாத ஒரு சுழல் படிக்கட்டு நிற்கும். இத்தாலி இந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த 1936–41 காலத்தில் கட்டியது. முசோலினி ஆட்சிக்கு வந்த 1922-லிருந்து வருடத்துக்கு ஒரு படி. இத்தாலியர்கள் போன பிறகு எத்தியோப்பியர்கள் அதை இடிக்கவில்லை. உச்சிப் படியில் தங்கள் அரச சின்னமான யூதா சிங்கத்தை உட்கார வைத்துவிட்டார்கள். நீங்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பக்கத்திலேயே தேசிய அருங்காட்சியகம். 1974-ல் இந்த நாட்டின் ஹதாரில் தோண்டி எடுத்த லூசி, ஆதி மனித இனத்துப் பெண்ணின் எலும்புக்கூடு, அங்கேதான், வயது 32 லட்சம் வருடம். காட்சிக்கு இருப்பது நகல்தான். எலும்புக்கூட்டில் கிடைத்தது ஐந்தில் இரண்டு பங்கு. நின்றால் நம் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வருவாள். ஊர்க்காரர்கள் அவளை டிங்கினேஷ் என்பார்கள். "நீ அற்புதமானவள்" என்று அவளைப் பார்த்தே சொல்வதுபோன்ற பெயர்.

ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் ஹைலே செலாசியின் கல்லறை. 1975-ல் இறந்தவரை 2000 நவம்பரில்தான் அங்கே அடக்கம் செய்தார்கள். அப்போது நான் அங்கே இருந்தேன், ஊரே தெருவோரம் நின்றது.

மெஸ்கல் சதுக்கத்தில் சிவப்பு பயங்கரத்தில் இறந்தவர்களுக்கான நினைவு அருங்காட்சியகத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். 1970-களின் கடைசியில் ராணுவ ஆட்சி கொன்று குவித்தவர்களின் எலும்புகள், சட்டைகள், கல்யாணப் புகைப்படங்கள். சென்ற முறை எனக்குச் சுற்றிக் காட்டியவர், தானே சிறையிலிருந்து பிழைத்து வந்தவர். ஒரு படத்தின் முன்னால் மட்டும் எதுவும் சொல்லாமல் நின்றார். நானும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் எண்டோட்டோ மலை. 1886-ல் இந்த நகரம் உருவாகும்முன் மெனெலிக் மன்னர் அங்கேதான் இருந்தார். கீழே வெந்நீர் ஊற்று இருந்த இடம் அவர் மனைவி தைத்து மகாராணிக்குப் பிடித்துப்போய், "புதிய மலர்" என்ற அர்த்தத்தில் அடிஸ் அபாபா என்று பெயர் வைத்தார். மலை முழுக்க யூகலிப்டஸ். விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்து வளர்த்த மரம். தன்னைவிடப் பெரிய விறகுக் கட்டைக் குனிந்த முதுகில் சுமந்தபடி மலையிறங்கும் பெண்களை நான் இருந்த காலத்தில் தினம் பார்ப்பேன். எதிரே வந்தால் வழிவிட்டு ஒதுங்குங்கள், படம் எடுக்காதீர்கள்.

காபி பிறந்த நாடு என்கிறார்கள். நம் டிகிரி காபிக்கு ஈடாகுமா?
— வாசகர், மயிலாப்பூர்

ஒப்பிடவே வேண்டாம். இரண்டும் வேறு வேறு காரியம்.

நான் போய்ச் சேர்ந்த முதல் வாரம் பக்கத்து வீட்டு அம்மா கூப்பிட்டார். தரையில் பச்சைப் புல்லைப் பரப்பியிருந்தார்கள். சாம்பிராணிப் புகை. அவர் சின்ன முக்காலியில் உட்கார்ந்து, பச்சைக் காபிக்கொட்டையைக் கழுவி, கரி அடுப்பில் இரும்புத் தட்டில் வறுத்தார். கொட்டை கறுத்துப் பளபளவென்று எண்ணெய் விட்டதும் தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் வந்தார். கையால் அந்தப் புகையை முகத்துப் பக்கம் வாரிக்கொள்ள வேண்டும். பிறகு உரலில் இடித்து, ஜெபனா என்ற நீளக் கழுத்து மண் கூஜாவில் கொதிக்க வைத்து, கைப்பிடி இல்லாத சின்னக் குவளைகளில் உயரத்திலிருந்து விளிம்புவரை ஊற்றினார். பால் கிடையாது. தொட்டுக்கொள்ள சோளப்பொரி.

அந்த ஒரு குவளைக்கே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. எனக்கு விடைத்தாள் திருத்த வேண்டியிருந்தது. நன்றி சொல்லி எழுந்தேன். அந்த அம்மாவின் முகம் வாடிப்போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் மகள் வாசல்வரை வந்து சொன்னாள்: முதல் சுற்று அபோல், அதே தூளில் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைக்கும் இரண்டாவது தோனா, மூன்றாவது பெரெகா. பெரெகா என்றால் ஆசீர்வாதம். அதை வாங்கிக்கொள்ளாமல் போகிறேன் என்பதுதான் அவருக்கு வருத்தம். நான் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். எட்டு வருடமும் அந்த வீட்டில் மூன்று சுற்றுக்கு முன்னால் எழுந்ததில்லை.

பால் இல்லாமல் முடியாது என்றால் எந்தத் தெருமுனைக் கடையிலும் மக்கியாட்டோ கிடைக்கும். இத்தாலியர் விட்டுப்போன பழக்கம், ஊர்க்காரர்களே விரும்பிக் குடிப்பார்கள்.

எந்த மாதம் போகலாம்?
— வாசகி, ஈரோடு

ஜூன் முதல் செப்டம்பர் நடுவரை மழை கொட்டும். அது ஓய்ந்ததும் மலையெல்லாம் ஆடே அபெபா என்ற மஞ்சள் பூ. செப்டம்பர் 11 அவர்களுக்குப் புத்தாண்டு. மாதம் பதின்மூன்று, வருடமும் நம்மைவிட ஏழெட்டு பின்னால். 26-ஆம் தேதி மாலை மெஸ்கல் சதுக்கத்தில் பெரிய சொக்கப்பனை எரிப்பார்கள். ஜனவரி 19 திம்கெத், இயேசு ஞானஸ்நானம் பெற்றதைக் கொண்டாடும் திருவிழா, அதுவும் கண்கொள்ளாக் காட்சி.

கடிகாரம் கவனம். சூரியன் வந்து ஒரு மணி நேரம் ஆனால் ஒரு மணி. நமக்குக் காலை ஏழு, அவர்களுக்கு ஒன்று. "நாலு மணிக்கு வாருங்கள்" என்று ஒரு மாணவன் வீட்டில் கூப்பிட்டதற்கு நான் சாயங்காலம் போய் நின்றேன். காலை பத்திலிருந்து சாப்பிடாமல் காத்திருந்தார்கள். யார் நேரம் சொன்னாலும் "ஹபெஷா மணியா, ஃபெரெஞ் மணியா?" என்று கேட்டுவிடுங்கள். ஹபெஷா என்றால் எத்தியோப்பியர். ஃபெரெஞ் என்றால் வெளிநாட்டுக்காரர், நாம்தான்.

மகளுக்கு 11 வயது. அவளுக்கு அங்கே என்ன பிடிக்கும்?
— வாசகி, கோவை

கடைப் பலகைகள். அம்ஹாரிக் எழுத்து நம் உயிர்மெய் மாதிரிதான் நடக்கும். ஒரே எழுத்துக்குக் காலோ சுழியோ சேர்த்து ஏழு உருவம். இரண்டே நாளில் பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிடுவாள். நீலவெள்ளை மினிபஸ்ஸில் இறங்க "வொராஜ் அலே!" என்று கத்தும் வேலையையும் அவளிடமே கொடுங்கள். சாயங்காலம் "ஸ்ப்ரிஸ்" வாங்கித் தாருங்கள்: அவகாடோ, மாம்பழம், பப்பாளிக் கூழ் அடுக்கடுக்காக. கரண்டியால்தான் சாப்பிட முடியும்.

மெர்காட்டோ சந்தைக்குப் போகலாமா, பயமா?
— வாசகர், திருச்சி

போகலாம், ஊர்க்காரர் ஒருவரோடு. கைப்பேசியை உள் பையில் வையுங்கள். மிளகாய் விற்கும் பகுதியில் பெர்பெரே வாங்கிக்கொள்ளுங்கள். பழைய டயரைச் செருப்பாகவும் தகர டப்பாவை அடுப்பாகவும் தட்டி எடுக்கும் இடத்தில் அரை மணி நேரம் நின்று பார்க்கலாம். துணிக்கு மட்டும் அங்கே வேண்டாம், எண்டோட்டோ போகும் வழியில் ஷிரோ மேடா இருக்கிறது. கைத்தறியில் நெய்த நெதலா, மெல்லிய வெள்ளைத் துணி, கரையில் மட்டும் வண்ணம். என் அம்மாவுக்கு வாங்கி வந்ததை மார்கழி முழுக்கப் போர்த்திக்கொண்டிருந்தார்.

தடுப்பூசி தேவையா?
— பலர்

மஞ்சள் காய்ச்சல் ஊசி. திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் சான்றிதழ் கேட்பார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் சான்றிதழ் செல்லும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

ஒரே தட்டில் எல்லாரும் கைவைத்துச் சாப்பிடுவார்களாமே. வாயில்கூட ஊட்டிவிடுவார்களாம். வேண்டாம் என்று சொல்லலாமா?
— வாசகி, நாகர்கோவில்

சொல்லாதீர்கள் அம்மா. குர்ஷா என்று பெயர். சாப்பிடும்முன் கூஜாவில் தண்ணீர் கொண்டுவந்து எல்லார் கையிலும் ஊற்றுவார்கள், நீங்கள் பார்க்கவே கழுவுவார்கள். இஞ்செராவைக் கிழித்து, நல்ல பருப்பாகப் பார்த்துச் சுருட்டி, உங்கள் வாய்க்கு நீட்டுவார்கள். உருண்டை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பிரியம். ஒரு வாய் மட்டும் ஊட்டினால் சண்டை வரும் என்று ஒரு பேச்சு உண்டு, அதனால் இரண்டாவதும் வரும். வாயைப் பெரிதாகத் திறந்து வாங்கிக்கொண்டு, மென்று முடித்ததும் நீங்களும் ஒரு உருண்டை பிடித்து அவருக்கு ஊட்டுங்கள். வலது கையால்.