பையனை எங்காவது சேர்த்துவிடலாமா?

கேள்வி: கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். 16 வயது மகன் பிளஸ் ஒன் போவதை நிறுத்திவிட்டான். நள்ளிரவில்தான் வீட்டுக்கு வருகிறான். ஏதோ மாத்திரை போடுகிறான் என்று சந்தேகம். பைக் சாவியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாலும் எடுத்துவிடுகிறான். போன வாரம் பணம் கேட்டு என்னைக் கீழே தள்ளிவிட்டான். போலீஸுக்குப் போகச் சொல்கிறார் என் அண்ணன். ‘இவனுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை’ என்று பேப்பரில் விளம்பரம் கொடுக்கச் சொல்கிறார்கள் அக்கம்பக்கத்தினர். என்னால் முடியவில்லை.
– வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அரிசி டப்பாவைப் படித்ததும் கொஞ்ச நேரம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். சொந்த வீட்டிலேயே சாவியை ஒளித்துவைத்துத் தூங்குவது எவ்வளவு பெரிய வேதனை! நீங்கள் தோற்றுப்போன அம்மா இல்லை. தனியாகச் சுமக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அந்த விளம்பரம் வேண்டாம். 18 வயது வரை அவன் உங்கள் பொறுப்பு. பேப்பரில் போட்டால் சட்டப்படி அது தீர்ந்துவிடாது.

நீங்கள் முதலில் போகவேண்டிய இடம் குழந்தைகள் நலக் குழு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி மாவட்டந்தோறும் இது உண்டு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். குற்றம் செய்த பிள்ளைகளை விசாரிக்கும் இடம் இல்லை இது. அதற்கு இளைஞர் நீதிக் குழுமம் என்று தனியாக இருக்கிறது. போதைக்குள் இழுக்கப்படும் நிலையில் உள்ள பிள்ளையையும் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்றுதான் சட்டம் சொல்கிறது. நீங்களே அவனை அழைத்துப் போகலாம். வரமாட்டேன் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள், ராத்திரியிலும் எடுப்பார்கள். குழு விசாரித்து, உங்களோடே இருக்கட்டும், ஆனால் சமூகப் பணியாளர் கண்காணிக்கட்டும், கவுன்சலிங் நடக்கட்டும் என்று உத்தரவிடலாம். தேவைப்பட்டால் கொஞ்ச காலம் இல்லத்தில் தங்கவும் வைக்கலாம். அங்கே யாராவது ஒப்படைப்புப் பத்திரம் என்று ஏதாவது நீட்டினால் மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அது பிள்ளையை நிரந்தரமாக விட்டுக்கொடுப்பது. 60 நாள்தான் மனம் மாற அவகாசம்.

அண்ணன் சொல்வதையும் தள்ளிவிடவில்லை. மறுபடி கை ஓங்கினால் தயங்காமல் போலீஸைக் கூப்பிடுங்கள், உங்கள் உயிரும் முக்கியம். ஸ்டேஷனில் குழந்தைகள் நல காவல் அலுவலர் யார் என்று கேளுங்கள். லாக்கப்பில் வைக்கக்கூடாது, விலங்கு மாட்டக்கூடாது. கொடுங்குற்றமோ பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றமோ இல்லையென்றால் எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை. ஆனால் மாத்திரை கொடுப்பது யார் என்று தெரிந்தால் புகாரை அந்த ஆள் மேல் கொடுங்கள். சிறுவர்களுக்குப் போதைப்பொருள் கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல்.

அப்புறம் சிகிச்சை. ‘மறுவாழ்வு மையம்’ என்று போர்டு மாட்டி, ராத்திரி காரில் வந்து பிள்ளையைத் தூக்கிப்போகும் ஆட்களை நம்பிவிடாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவரைச் சேர்க்க, மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக்கூடாது. உள்ளே இருக்கும் நாள் முழுக்க நீங்களோ உங்கள் சார்பில் ஒருவரோ கூட இருக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்குங்கள். போகும்வரை பேச ஆள் வேண்டுமென்றால் மனநல உதவி எண் 14416க்கு அழையுங்கள்.

இதற்கெல்லாம் வக்கீல் ஃபீஸ் நினைத்துப் பயப்படாதீர்கள். கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு.

கடைசியாக அந்த பைக். 18 வயதுக்குக் கீழே ஒருவர் ஓட்டிப் பிடிபட்டால், உங்களுக்குத் தெரிந்தேதான் ஓட்டினான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடையாது. இனி சாவியை ஒளிக்க வேண்டாம். நாளைக் காலையிலேயே வண்டியை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போங்கள்.