டகோட்டா இன்னும் பறக்கிறது, கான்ஸ்டலேஷன் ஏன் நிற்கிறது?

பழைய புரொப்பல்லர் பயணிகள் விமானங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவையும் எங்கள் பதில்களும். டகோட்டா என்பது இரண்டு எஞ்சின் கொண்ட டிசி-3 விமானத்தின் இன்னொரு பெயர்; கான்ஸ்டலேஷன் நான்கு எஞ்சின் விமானம், அதன் பெரிய வடிவம் சூப்பர் கான்ஸ்டலேஷன்.

ஏர் இந்தியாவிடம் இருந்த சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்கள் பிறகு என்ன ஆயின? ஒன்றாவது மிஞ்சியிருக்கிறதா?
(வாசகர், அரக்கோணம்)

ஒன்று இருக்கிறது. உங்கள் ஊருக்கும் அதற்கும் நேரடித் தொடர்பே உண்டு.

1960-ல் போயிங் 707 வந்ததும் ஏர் இந்தியாவின் சூப்பர் கான்ஸ்டலேஷன்களுக்கு நீண்ட தூரப் பாதைகளில் வேலை இல்லாமல் போயிற்று. அவற்றை இந்திய விமானப்படை எடுத்துக்கொண்டு புனேயில் 6-வது ஸ்குவாட்ரனில் ஓட்டியது. 1976 நவம்பரில் கடல் கண்காணிப்புப் பொறுப்பு கடற்படைக்கு மாறியபோது விமானங்களும் கோவாவின் டபோலிம் தளத்துக்குப் போயின. அவற்றைக் கொண்டுதான் ஐ.என்.ஏ.எஸ். 312 என்ற கடற்படை விமானப் பிரிவு தொடங்கப்பட்டது. 1980-களின் முதல் பாதியோடு இந்த விமானங்கள் ஓய்வு பெற்றன. அதே பிரிவு பிறகு ரஷ்ய டியூ-142 விமானங்களைப் பெற்று, 1992-ல் அரக்கோணத்தின் ராஜாளி கடற்படை விமானத் தளத்துக்கு இடம் பெயர்ந்தது. அந்த டியூ-142-க்கும் நான்கு எஞ்சின்களிலும் புரொப்பல்லர்தான். 2017 மார்ச்சில் அவையும் விடைபெற்றன.

மிஞ்சிய சூப்பர் கான்ஸ்டலேஷன், டபோலிம் அருகே போக்மாலோவில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கடற்படை எண் ஐ.என். 315; ஏர் இந்தியாவில் இருந்தபோது அதன் பெயர் 'ராணி ஆஃப் எல்லோரா'. கடலோரத்தில், திறந்த வெளியில், கோவாவின் மழையில் நிற்கிறது என்பதுதான் எங்கள் கவலை. அதற்கு ஒரு கூரை கிடைத்தே ஆக வேண்டும்.

டகோட்டா வகை உலகெங்கும் இன்னும் பறக்கிறது. அதைவிடப் புதிய கான்ஸ்டலேஷனை விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கிறது. ஏன்?
(வாசகர், கோயம்புத்தூர்)

முதல் காரணம் எண்ணிக்கை. 1935 டிசம்பர் 17-ல் முதன்முதலாகப் பறந்த டிசி-3-யும் அதன் ராணுவ வடிவங்களும் அமெரிக்காவில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் தயாராயின. கான்ஸ்டலேஷன் குடும்பம் முழுவதும் சேர்த்தே 856. போர் முடிந்ததும் டகோட்டா உதிரிபாகங்கள் கிடங்கு கிடங்காக ஏலத்துக்கு வந்தன.

ஆனால் எண்ணிக்கை பாதிக் கதைதான். எஞ்சினைப் பாருங்கள். டகோட்டாவின் பிராட் அண்ட் விட்னி ஆர்-1830 எஞ்சினில் 14 சிலிண்டர், 1,200 குதிரைத்திறன், ஒன்றுக்கு 28 ஸ்பார்க் பிளக். சூப்பர் கான்ஸ்டலேஷனின் ரைட் ஆர்-3350-ல் 18 சிலிண்டர், கிட்டத்தட்ட 55 லிட்டர் கொள்ளளவு. நான்கு எஞ்சினுக்கும் சேர்த்து 144 ஸ்பார்க் பிளக். பிற்கால 'டர்போ காம்பவுண்ட்' வகையில் ஒவ்வோர் எஞ்சினிலும் மூன்று டர்பைன்களை வைத்து, புகைக்காற்றின் சக்தியைத் திருப்பி கிராங்க்ஷாஃப்டுக்கே (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) கொடுத்தார்கள். எரிபொருள் மிச்சமானது உண்மை. பதிலுக்கு எக்ஸாஸ்ட் வால்வுகள் கருகின, டர்பைன்களில் விரிசல் விட்டது. ஒரு விமான நிறுவனத்தின் பட்டறை தாங்கும் செலவை ஓர் ஆர்வலர் குழு தாங்க முடியாது.

மூன்றாவது, உடற்கூடு. டகோட்டாவின் உடல் எளிமையானது. இறக்கையின் வெளிப்பகுதியை நூற்றுக்கணக்கான போல்ட்டுகளைக் கழற்றித் தனியே எடுத்துவிடலாம். அந்த இணைப்புக் கோணப்பட்டைகளில் விரிசல் வருவது இயல்பு. எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கிறார்கள், இருந்தால் மாற்றுகிறார்கள். கான்ஸ்டலேஷனின் உடலோ மூக்கிலிருந்து வால் வரை வளைந்து செல்கிறது. அதனால் அடுத்தடுத்த சட்டங்கள் வெவ்வேறு அளவு. ஒரு சட்டம் அரித்துப்போனால் அதை மட்டும் புதிதாக வார்ப்புரு செய்து அடிக்க வேண்டும். அந்த அழகுதான் அதன் பிணியும்.

இருந்தும் சிலர் விடவில்லை. அரிசோனா பாலைவனத்தில் கிடந்த ஒன்றை பழைய விமானங்களைப் பேணும் ஆஸ்திரேலியாவின் ஹார்ஸ் அமைப்பினர் சீர்செய்து 1996-ல் பறக்கவிட்டே சிட்னிக்குக் கொண்டுபோனார்கள். அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் பயன்படுத்திய 'கொலம்பைன் 2', 2016 மார்ச்சில் அரிசோனாவிலிருந்து பறந்து வர்ஜீனியாவின் பிரிட்ஜ்வாட்டருக்குச் சென்றது. முழுப் புதுப்பிப்பு வேலை அங்கே நடக்கிறது. அரிசோனாவின் வறண்ட காற்று இல்லையென்றால் இவ்விரண்டும் இன்று இல்லை.

டகோட்டாவைக் கிளப்பும் முன் புரொப்பல்லரைக் கையால் தள்ளிச் சுற்றுவதை வீடியோவில் பார்த்தேன். சடங்கா, தேவையா?
(மாணவர், திருச்சி)

கட்டாயத் தேவை. இந்த வகை எஞ்சினில் சிலிண்டர்கள் வட்டமாக நிற்கின்றன. கீழ்ப்பாதியில் இருப்பவற்றின் தலை தரையைப் பார்த்திருக்கும். எஞ்சின் ஓய்வில் இருக்கும்போது ஆயில் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கசிந்து அங்கே தேங்கும். காற்றை அழுத்தலாம், ஆயிலை அழுத்த முடியாது. அப்படியே ஸ்டார்ட்டரைப் போட்டால் பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளையும். ஆபத்து என்னவென்றால், அது அன்றே உடையாது. பல மணி நேரம் பறந்தபின், முழு சக்தியில் மேலெழும்போது உடையும்.

செய்யும் முறை: ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் சுவிட்ச் 'ஆஃப்', எரிபொருள் கலவை நெம்புகோல் முழுவதும் அடைப்பு, சக்கரங்களுக்குக் கட்டை. பிறகு எஞ்சின் சுற்றும் திசையிலேயே தள்ள வேண்டும். எல்லா சிலிண்டரும் ஒரு முறை அழுத்தத்தைக் கடக்க கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். கியர் விகிதம் 16:9 (கிராங்க்ஷாஃப்ட் 16 சுற்றினால் புரொப்பல்லர் 9 சுற்று) என்பதால் அது புரொப்பல்லருக்கு ஒன்றேகால் சுற்றுக்கும் சற்றுக் குறைவு. மூன்று பிளேடு புரொப்பல்லரில் கணக்குப்படி நான்கு பிளேடு கடக்கத் தள்ளினால் போதும்; நடைமுறையில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு தள்ளுகிறார்கள், அதுவே சரி.

நடுவில் இறுகி நின்றால் பலம் காட்டக் கூடாது. பின்னோக்கிச் சுற்றவும் கூடாது. பின்னோக்கிச் சுற்றினால் தடை விட்டதுபோல் தெரியும்; உண்மையில் ஆயில் இன்டேக் குழாய்க்குள் போய் உட்கார்ந்திருக்கும், எஞ்சின் பற்றியதும் திரும்ப சிலிண்டருக்குள் உறிஞ்சப்படும். கீழ் சிலிண்டர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஆயிலை வடியவிட்டு, பிளக் இல்லாமலே சுற்றிப் பார்த்து, அதன்பின் சுத்தம் செய்த பிளக்கை மாட்டுவதுதான் ஒரே வழி.

யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் நேரடி விமானம் முன்பு இருந்ததாமே?
(வாசகர், யாழ்ப்பாணம்)

ஆம். ஏர் சிலோன் 1947 டிசம்பர் 10 அன்று தன் சேவையைத் தொடங்கியதே அந்தப் பாதையில்தான்: கொழும்பு அருகே ரத்மலானையிலிருந்து, யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறை வழியாக மதராஸ். விமானம் டிசி-3, பெயர் 'சீதா தேவி'. அந்த வகையை இன்று பார்க்க வேண்டுமென்றால் ரத்மலானையில் இலங்கை விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.

இந்த விமானங்களுக்கு எரிபொருள் எங்கே கிடைக்கிறது?
(வாசகர், திருப்பூர்)

ஜெட் விமானத்தின் எரிபொருள் இவற்றுக்கு ஆகாது. ஏவ்கேஸ் எனப்படும் விமான பெட்ரோல் வேண்டும். இந்தியாவுக்கு அது நெடுங்காலம் இறக்குமதிதான். 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் வதோதரா ஆலையில் தயாரித்த 100 எல்.எல். வகையை ஹிண்டன் விமானப்படைத் தளத்தில் அறிமுகம் செய்தது. 2018 மே மாதம் விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்ட 'பரசுராமா' டகோட்டாவின் தளமும் ஹிண்டன்தான். இங்கிலாந்தின் கவன்ட்ரியில் புதுப்பிக்கப்பட்டு, பறந்தே இந்தியா வந்த விமானம் அது. அதன் வி.பி. 905 என்ற எண், 1947 அக்டோபர் 27-ல் படையினரை ஸ்ரீநகரில் இறக்கிய டகோட்டாவை நினைவூட்டுகிறது.

டகோட்டாவுக்கு மணிக்குச் சுமார் 350 லிட்டர் ஆகும். ஆயில் தொட்டி எஞ்சினுக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 110 லிட்டர். டர்போ காம்பவுண்ட் எஞ்சின்களின் சிக்கல் வேறு. அவை 115/145 என்ற உயர் தர பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டவை. இன்று கிடைப்பது 100 தரம். முழு அழுத்தம் கொடுத்தால் எரிகலவை நேரந்தவறி வெடித்து பிஸ்டனைத் துளைக்கும். எனவே குறைந்த அழுத்தம், குறைந்த எடை என்று கட்டுப்பாட்டோடுதான் ஓட்டுகிறார்கள்.

எங்கள் கல்லூரி வளாகத்தில் ஒரு பழைய விமானத்தை வைக்கப்போகிறார்கள். வெளியில் வைத்தால் எப்படிக் காப்பது?
(விரிவுரையாளர், மதுரை)

முதல் வேலை, வயிற்றுப்புறத்து வடிகால் துளைகளைத் திறந்து வைப்பது. வண்ணம் பூசுபவர்கள் அவற்றைத் தெரியாமல் அடைத்துவிடுவார்கள். உள்ளே நிற்கும் மழைநீர் ரிவெட் வரிசையை அரிக்கும். டகோட்டாபோல வால் தரையில் இருக்கும் விமானம் என்றால் நீர் முழுவதும் பின்னோக்கி ஓடும், ஆகவே வால் பகுதித் துளைகளை மழைக்காலத்தில் அடிக்கடி பாருங்கள்.

எடையை டயரில் விடாமல் அச்சுக்கு அடியில் இரும்புத் தாங்கி கொடுங்கள். எக்ஸாஸ்ட், காற்று நுழைவாய்களை வலை போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் குருவியும் புறாவும் கூடு கட்டும், எச்சம் அலுமினியத்தை அரிக்கும். வாலிலும் இறக்கையிலும் அசையும் தட்டிகளுக்குப் பூட்டு போட வேண்டும். டகோட்டாவில் அவை துணி போர்த்தியவை. வெயிலில் அந்தத் துணி நைந்துபோகும், காட்சிக்கு மட்டும் என்றால் மெல்லிய அலுமினியத் தகடு போர்த்துவதில் தவறில்லை. அலுமினியத்தில் சாதாரண இரும்பு போல்ட் மட்டும் போடாதீர்கள். இரு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும்.

லுஃப்தான்சாவே முயன்றும் ஸ்டார்லைனரைப் பறக்கவைக்க முடியவில்லையாமே?
(வாசகர், சென்னை)

கான்ஸ்டலேஷன் குடும்பத்தின் கடைசி வடிவமான ஸ்டார்லைனர் மொத்தம் 44-தான். ஜெர்மனியின் லுஃப்தான்சா விமான நிறுவனம் 2007-ல் மூன்றை வாங்கி, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒன்றைப் புதுப்பிக்கத் தொடங்கியது. செலவு கணக்கை மீறிக்கொண்டே போக, 2018-ல் வேலையை நிறுத்தி, விமானத்தைப் பிரித்து ஜெர்மனிக்குக் கப்பலேற்றியது. மற்றொன்று நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்தின் டி.டபிள்யூ.ஏ. ஹோட்டலுக்குப் போயிற்று, 2019 முதல் அது மது அருந்தும் கூடம். பறக்காவிட்டாலும் டி.டபிள்யூ.ஏ. என்ற பழைய அமெரிக்க விமான நிறுவனத்தின் வண்ணத்தில், பராமரிப்போடு நிற்கிறது. வெட்டித் துண்டாக்கப்பட்ட நூற்றுக்கணக்கானவற்றை நினைத்தால் இதை நல்ல கதி என்றே சொல்வோம்.

டகோட்டா இன்றும் வருமானத்துக்காகப் பறக்கிறதா?
(வாசகர், சேலம்)

பறக்கிறது. விஸ்கான்சின் மாநிலம் ஆஷ்காஷில் உள்ள பாஸ்லர் நிறுவனம் பழைய பிஸ்டன் எஞ்சின்களைக் கழற்றி பி.டி.-6 டர்போபுராப் (டர்பைனால் புரொப்பல்லரைச் சுற்றும்) எஞ்சின்களைப் பொருத்துகிறது. இறக்கைக்கு முன்னால் உடலை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீட்டி, இறக்கையையும் பலப்படுத்துகிறது. பி.டி.-67 என்ற பெயரோடு வெளிவரும் இந்த விமானங்கள் ஸ்கீ மாட்டிக்கொண்டு அன்டார்டிகாவின் பனியில் ஆய்வுக் குழுக்களையும் சரக்கையும் இறக்குகின்றன. ஏவ்கேஸ் தேட வேண்டியதில்லை. சாதாரண ஜெட் எரிபொருளே போதும்.