நிறைய பார்ட் வர்ற கேம் சீரிஸ்ல கதை அவ்ளோ முக்கியமா?

சண்டை நல்லா இருந்தா போதாதா, கதை எதுக்குன்னு கேட்டிருக்கீங்க. எனக்கு கதைதான் உயிரு. காட் ஆஃப் வார் எடுத்துக்கோங்க, 2005ல வந்த முதல் கேம்ல ஹீரோ கிரேட்டோஸ் ஏமாந்து போய் தன் பொண்டாட்டி பொண்ணையே கொன்னுடுவான், அவங்க சாம்பல்தான் அவன் உடம்பு பூரா வெள்ளையா ஒட்டியிருக்கும். 2018ல வந்ததுல அவனுக்கு ஒரு பையன். பையனுக்கு உடம்பு முடியாம போனதும் வீட்டுக்கு வந்து தரைப் பலகையைத் தூக்கி, இனி தொடவே கூடாதுன்னு ஒளிச்சு வெச்ச அந்தப் பழைய சங்கிலிக் கத்திங்களை எடுப்பான் பாருங்க, 13 வருஷக் கதையும் அந்த ஒரு நிமிஷத்துல வந்து நெஞ்சை அடைக்கும்.

பெங்களூர் மடிவாளால நாங்க தங்கியிருந்த பிஜி (வாடகை விடுதி) ரூம்ல அந்த சீனைப் பாத்துட்டு பேச்சே இல்லாம உக்காந்திருந்தோம், பழைய பார்ட் எதுவும் ஆடாத திருச்சி தம்பி மட்டும் "என்னண்ணா, வெறும் கத்திதானே"ன்னான். அந்தக் கத்தியாலதான் குடும்பத்தைக் கொன்னான்டான்னு சொன்னதும் அவனும் அடங்கிட்டான், அடுத்த வாரமே முதல் பார்ட்லேர்ந்து ஆட உக்காந்துட்டான்.