வயிற்றுவலிக்குச் சேர்த்த பையனை ஏன் மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்கிறார்கள்?

ஈரோட்டில் 17 வயது மகனை வயிற்றுவலிக்குச் சேர்த்திருக்கிறோம், ஸ்கேனில் ஒன்றுமில்லை, மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் காட்டுங்கள். வலி நடிப்பல்ல. பதற்றமும் மனச்சோர்வும் இந்த வயதில் பல நேரம் வயிற்றுவலி, தலைவலி, தூக்கமின்மை என்றுதான் வெளியே வரும். மனநோய்களில் ஏறத்தாழ பாதி 18 வயதுக்குள்ளேயே தொடங்குகின்றன.

கோபியில் என் அக்கா மகனும் அப்படித்தான் படுத்திருந்தான். குளுக்கோஸ் ஏற்றிய கையில் பிளாஸ்திரியைச் சுரண்டிக்கொண்டே இருந்தான். "என்ன கண்ணு?" என்று அமுச்சி (அவன் பாட்டி) கேட்டால் பதிலில்லை. டாக்டர் எங்களை வெளியே அனுப்பிய பிறகுதான் பேசினான். உங்கள் பையனையும் தனியாகப் பேச விடுங்கள். சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அது புதிதாக வந்துவிடாது.

அப்புறம், மனநலப் பிரிவில் சேர்க்க நேர்ந்தால் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவரைப் பெரியவர்களோடு வைக்கக் கூடாது, துணைக்கு ஓர் ஆள் கூடவே இருக்க வேண்டும். ராத்திரியில் பயமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.